போபட்லாலுக்கு ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வையுங்கய்யா!

மருமவனே, ராத்திரி எட்டரை ஆனாப் போதும், ஒமக்குக் கிரகம் பிடிச்சிருது. சோத்துத் தட்டத் தூக்கிக்கிட்டு டிவி முன்னால போயிச் சம்மணம் போட்டுக்கிடுதீரு. ‘தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா’ன்னு எழுத்து ஓடுது. ஒடனே ஒரு பெருமூச்சு. “முன்ன எப்பிடி இருந்த சீரியல் மாமா! இப்ப சவம், வெளங்காமப் போச்சு”ங்கீரு. சொல்லிப்போட்டு, கண்ணு இமைக்காம முழுசையும் பாக்கீரு. முடிஞ்சதும் இன்னொரு பெருமூச்சு. எம்மவளுக்கு நாக்கு நீளம்லா? “அப்பா, இந்தப் பெருமூச்சுக்குத்தான் மாசாமாசம் கேபிளுக்குக் காசு கட்டுதோம்”ங்கா.

சரி, கோவிச்சுக்கிடாதீரும். பெரியவன் பேச்சக் கொஞ்சம் கேளும். ‘மாமாவுக்கு இந்தி எங்கன தெரியும்?’னு மனசுக்குள்ள நெனைக்கீரு. நீரு பொறக்கதுக்கு முந்தியே தாராவியில தோல் ஷாப்புல வேல பாத்தவன் வே நான். வைய மட்டுமில்ல, சிரிக்கவும் அந்த இந்தி போதும்.

ஒம்ம வருத்தத்துல நியாயம் இல்லாம இல்ல. அந்தக் கதை நல்ல எடத்துல பொறந்த கதை. தாரக் மேத்தான்னு ஒரு குஜராத்தி எழுத்தாளர். 1971லருந்து ‘சித்ரலேகா’ங்கிற வாரப் பத்திரிகையில ஒரு பத்தி எழுதிக்கிட்டு வந்தாரு. ‘வாரப் பத்திரிகை’ங்கதக் கவனியும். ஒரு வாரம் பூரா அக்கம்பக்கத்துச் சனம் பேசுதத, சண்டை போடுதத, பீத்திக்கிடுததப் பாத்துக்கிட்டே இருந்திருப்பாரு. அதுலருந்து ஒரே ஒரு பத்தி எழுதுவாரு. அந்த மனுசனுக்கு 2015ல பத்மஸ்ரீ குடுத்தாவ, 2017ல காலமாயிட்டாரு. அவரு எழுதினத வச்சு அசித் குமார் மோடிங்கவரு 2008 ஜூலை 28ல சப் டிவியில தொடர் ஆரம்பிச்சாரு. அந்த வருஷம்தான் ‘கியூங்கி சாஸ் பி கபி பஹூ தீ’ங்கிற மாமியா மருமவ சீரியல் எட்டு வருஷம் ஓடி முடிஞ்சுது. பட்டுச்சேலையும் நகையுமாப் படுத்துத் தூங்குத மருமவளுவளையும், கதவுக்குப் பின்னால நின்னு முழிய உருட்டுத மாமியாக்கமாரையும் பாத்துப் பாத்துச் சனம் அலுத்துக் கெடந்த நேரம். அப்பத்தான் கோரேகாவ் கிழக்குல கோகுல்தாம் சொசைட்டின்னு ஒரு காலனியக் காட்டுனாவ. அங்கன வில்லன் கிடையாது, வெசம் வைக்க ஆளு கிடையாது. குஜராத்தி, மராத்தி, பஞ்சாபி, வங்காளி, நம்ம தமிழாளுன்னு ஒரே முத்தத்துல கெடந்து மல்லுக்கட்டுத சனம். தாத்தாவும் பேத்தியும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பாக்கலாம். யாரும் ரிமோட்டத் தேட வேண்டாம்.

அந்தக் காலத்துப் பகுதி ஒண்ணச் சொல்லுதேன். கதாநாயகன் ஜெதாலால் கடைக்குக் கெளம்பிப் படி எறங்குதான். பளபளன்னு பூப்போட்ட சட்டை, கையில பை. எதுத்தாப்புல அண்டவீட்டுப் பபிதா வந்து “ஜெதாஜி”ன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான். மொகத்துல உள்ள எலும்பெல்லாம் எளகிப் போவுது. கடை மறந்து போச்சு, பாக்கிக்காரன் மறந்து போச்சு. பேசலாம்னு வாயத் தொறக்கான். பின்னாலயே அவ புருசன் ஐயர் வந்து நிக்காரு. இளிச்ச வாயி இளிச்சபடியே இருக்கு, கண்ணுல மட்டும் சிரிப்பு அணஞ்சு போவுது. வசனம் ஒண்ணும் கிடையாது. நடிக்கிற திலீப் ஜோஷி குஜராத்தி நாடக மேடையில பழுத்த ஆளு. அவருக்கு வசனம் எதுக்கு? 1989ல ‘மைனே பியார் கியா’வுல வேலைக்காரனா வந்து போனவரு, ஏறக்கொறைய இருவது வருஷம் கழிச்சு எட்டுற எடத்துக்கு எட்டுனாரு.

ஜெதாலால் அப்பன் சம்பக்லாலா வாராரே அமித் பட், அவரு மகனா வாரவரவிட வயசுல எளையவருங்கது ஒமக்குத் தெரியுமா? அந்த எளந்தாரி அப்பன், குல்லாவும் தடியுமா மாடியில நின்னு “ஏ ஜெதியா!”ன்னு அதட்டுனா, மூத்தவரு பச்சப்புள்ள கணக்கா நடுங்குதாரு. மச்சினன் சுந்தர் அகமதாபாத்துலருந்து டாக்சி பிடிச்சு மும்பைக்கு வருவான்; வாடகைய எண்ணி வைக்கது அத்தான் வேலை. அந்த சுந்தரா வந்த மயூர் வகானி, ஜெதாலால் பொஞ்சாதி தயாபென்னா வந்த திஷா வகானிக்கு நெசமாவே கூடப்பொறந்தவரு. கூடப்பொறப்புப் பாசத்த அவுகளுக்குச் சொல்லிக் குடுக்கவா வேணும்? இப்பிடி எல்லாம் ஒண்ணா அமைஞ்சுது. சிரிச்சோம். எனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு மட்டும் கேக்காதீரும்.

இப்ப போன வாரத்துப் பகுதிக்கு வாரும். ஒரு போன் அடிக்குது. ஜெதாலால் எடுக்கான். “என்னது?”ங்கான். அவம் மொகத்த மூணு தடவ கிட்டக் காட்டுதாவ. மூணு தடவையும் ‘டொய்ங்’னு சத்தம். பொறவு அப்பன் மொகம், ‘டொய்ங்.’ சொசைட்டி செக்ரட்டரி பிடே மொகம், ‘டொய்ங்.’ காலனிக்காரவுக சோடி, ஹாத்தி, ஐயர், பபிதா, போபட்லால்னு வரிசையா ஆளுக்கொரு ‘டொய்ங்.’ கடைசி ஆளுக்கு வரதுக்குள்ள மொத ஆளு எதுக்குத் திடுக்கிட்டாருன்னு நமக்கே மறந்து போவுது. அங்கனயே விளம்பரம். திரும்பி வந்ததும் அதே போன், அதே “என்னது?” மறுநா கிளப்ஹவுஸுல கூட்டம். அதுக்கு மறுநா கூட்டத்துல எடுத்த முடிவு என்னான்னு ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கிடுதாவ. வெள்ளிக்கிழம, அது தப்பான நம்பருன்னு தெரிய வருது. ஒரு சோலி நாலு நாளு. முன்ன ஒரே பகுதிக்குள்ள இந்தக் கூத்து தொடங்கி, முத்தி, முடிஞ்சு, நாம சிரிச்சு, பாயும் விரிச்சிருப்போம்.

இதக் கேட்டா நீரு ஒரே சமாதானம் சொல்லுவீரு: “ஆளுக போயிட்டாவ மாமா.” போனாவதான். ஜெதாலால் மவன் டப்புவுக்கு இது மூணாவது மொகம். பிடே மவ சோனுவுக்கு நாலாவது. தொடருல வார தாரக் மேத்தாவுக்குப் பொஞ்சாதி அஞ்சலி மாறியாச்சு, சோடி மாறியாச்சு. தாரக் மேத்தா வேஷத்துல வந்த சைலேஷ் லோதாவே 2022ல போயி, சச்சின் ஷ்ராஃப் வந்தாரு. ஹாத்தியா வந்த கவிகுமார் ஆசாத் 2018லயும், ஜெதாலால் கடையாளு நட்டு காக்காவா வந்த கன்ஷ்யாம் நாயக் 2021லயும் காலமானாவ. அதுக்கு யாரையும் கொற சொல்லப்படாது. ஆனா மருமவனே, வேஷத்துக்கு ஆளு மாறலாம். வந்தவுகளும் மோசமான நடிகர்மாரு இல்ல. வந்த ஆளுக்கு என்ன வேலை குடுத்தாவங்கதுதான் கேள்வி. திடுக்கிடுததுக்கு ஒரு மொகம் வேணும், அதுக்குத்தான் சம்பளம்.

தயாபென் சங்கதிய எடுத்துக்கிடும். திஷா வகானி 2017ல பேறுகால லீவுல போனாவ. புள்ள பொறந்துச்சு, வளந்துச்சு; அந்தம்மா திரும்பல. குடும்பமா, நடிப்பாங்கது அவுக பாடு. கதையில என்ன சொல்லுதாவ? தயா அகமதாபாத்துல பொறந்த வீட்டுல இருக்காளாம். இதோ வாரா, தீவாளிக்கு வாரா, நவராத்திரிக்கு வாரான்னு சுந்தர் வந்து வந்து சொல்லுதான். சனம் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கு. கர்பா ஆடுத அவ காலு ஒண்ணுகூட உள்ள வரல. எட்டு வருஷத்துக்கு மேல ஒரு பொம்பள பொறந்த வீட்டுலருந்து வரலேன்னா, எங்க ஊருன்னா ரெண்டு தடவ பஞ்சாயத்துக் கூடி, பாத்திரபண்டத்தத் திருப்பிக் குடுத்திருப்பாவ. கோகுல்தாமுல ஒரு பூந்தொட்டி ஒடஞ்சாலே பிடே கூட்டம் போடுதாரு. பக்கத்து வீட்டுப் பொஞ்சாதி எட்டு வருஷமாக் காணலேன்னு இன்னும் ஒரு கூட்டம் போடல. வேற ஆளப் போடவும் மனசில்ல, இனிம வர மாட்டான்னு சொல்லவும் தைரியமில்ல. நடிக்காத ஆள வச்சும் எட்டு வருஷம் சீரியல் ஓட்டலாம்னு கண்டுபிடிச்சவுகளுக்குத்தான் நோபல் பரிசு குடுக்கணும்.

அடுத்து நம்ம போபட்லால். ‘தூஃபான் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை நிருபரு, கக்கத்துல கொடை. வந்த நாள்லருந்து பொண்ணு தேடுதாரு. மொத பொண்ணு தட்டிப்போனப்ப நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். மூணாவதுக்கும் சிரிச்சேன். இப்ப ஒரு பொண்ணு போட்டோவக் காட்டுனாலே எனக்கு அந்தப் புள்ளய நெனச்சுக் கவலை வருது. பாவம், வெள்ளிக்கிழமைக்குள்ள கல்யாணம் நின்னு போயிருமே! பொண்ணு தேடத் தொடங்கயில நாலாங்கிளாஸு படிச்ச பயலுக்கு இப்ப மீச மொளைச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆயிருக்கும். அவம் புள்ளையும் போபட்லாலப் பாத்துச் சிரிக்கணும்னு எதிர்பாக்கது என்ன நியாயம்? கேலின்னு இருந்தா, அதுக்கு ஆளானவன் ஒருநா ஜெயிக்கவும் வாய்ப்பு இருக்கணும் மருமவனே. ஜெயிக்கவே வழியில்லேன்னா அதுக்குப் பேரு கேலி இல்ல, தண்டன.

நம்ம ஆளு ஐயர விட்டுட்டேன் பாரும். கிருஷ்ணன் சுப்பிரமணியம் ஐயர், விஞ்ஞானி, கட்டுனது வங்காளத்துப் பபிதாவ. நடிக்கிற தனுஜ் மஹாசப்தே மத்தியப் பிரதேசத்துக்காரரு. இந்தத் தொடருக்குக் கதையும் எழுதினவரு. அசல் தமிழாளு இல்லேன்னு நான் வருத்தப்படல. வருத்தம் என்னான்னா, இம்புட்டுப் படிச்ச மனுசன் ஆராய்ச்சிக்கூடத்துல என்ன கண்டுபிடிச்சாருன்னு ஒரு கதை கண்ணுல படல. அவரு கறுப்பா இருக்காருங்கதயும், இம்புட்டு அழகான பொண்டாட்டி அவருக்கு எப்பிடி வாச்சாங்கதயும் வச்சு எத்தன வருஷம் ஓட்டிட்டாவ! தெக்கத்தியான்னா கறுப்பு, கறுப்புன்னா சிரிப்பு. கற்பனைக்குப் பஞ்சம் வந்த எடத்துலதான் நெறத்தப் பாத்துச் சிரிப்பாவ. அதுக்கும் நீரு கெக்கெக்கேன்னு சிரிச்சத நான் பாத்தேன். ஒம்ம நெறத்தக் கண்ணாடியில பாத்து ரொம்ப நாளாச்சுன்னு நெனைக்கேன்.

இன்னொரு நோயி, உபதேசம். 2014ல ‘தூய்மை இந்தியா’ இயக்கத்துக்குப் பிரதமர் ஒம்பது பேரக் கூப்புட்டாருல்லா, அதுல இந்தச் சீரியல் குழுவும் ஒண்ணு. பெருமதான், இல்லேங்கல. ஆனா அதுக்குப் பொறவு இவுக கையிலருந்து தொடப்பம் எறங்கவே மாட்டேங்குது. தண்ணியச் சேமியுங்க, மரத்த நடுங்க, பெரியவுகள மதியுங்கன்னு முடிவுல ஒரு பாடம். ஜெதாலால் நாலு தடவ ஏமாந்ததப் பாத்தே ‘பேராசப்படாத’ன்னு புள்ளைக கத்துக்கிட்ட காலம் போயி, இப்ப அத எழுதி வாசிச்சுக் காட்டுதாவ. நடுவுல புதுப்படம் வருதுன்னா கதாநாயகன் கோகுல்தாமுக்கே வந்து டான்ஸ் ஆடிட்டுப் போறான். எந்தக் காலனியிலவே இம்புட்டு நடிகர்மாரு வாராவ? ஒம்ம காலனிக்குத் தண்ணி லாரியே ஒழுங்கா வரல.

இது ஏன் இப்பிடி ஆச்சுங்கதுக்கு நம்ம ஊரு வில்லுப்பாட்டுல பதில் இருக்கு. கோயில் கொடையில புலவரு கதை சொல்லிக்கிட்டு இருப்பாரு. சாமி வந்து எறங்குத கட்டம் நெருங்கிரும். பூசாரி இன்னும் குளிக்கவே போயிருக்க மாட்டான். ஊரு நாட்டாமை கண்ணக் காட்டுவாரு, ‘கொஞ்சம் இழும்’னு. புலவரு ஒடனே கதைய ஓரமா வச்சுட்டு, குடம் அடிக்கிறவன வம்புக்கு இழுப்பாரு. ஒரு மணிக்கூறு ஓடிரும். இழுவைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ரசிப்போம். ஏன்னா விடியக்குள்ள கதை முடிஞ்சே ஆவணும்னு புலவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கோகுல்தாமுல நாட்டாமை 17 வருஷமாக் கண்ணக் காட்டிக்கிட்டே இருக்காரு. பூசாரி குளிச்சு வந்த பாடில்ல.

நாட்டாமை யாருன்னா, துட்டுதான். வாரத்துக்கு ஆறு நாளு, நாளைக்கு ஏறக்கொறைய 22 நிமிஷம் ரொப்பியாவணும். 4,000 பகுதியத் தாண்டியாச்சு. ஒறங்காம உங்காமத் தொடந்து பாத்தாலும் ரெண்டு மாசம் ஆவும். வாரத்துக்கு ஒரு பத்தி எழுதின மனுசன் சொத்த, நாளைக்கு ஒண்ணுன்னு எடுத்துத் தின்னா எம்புட்டு நாளைக்கு வரும்? திலீப் ஜோஷியே சில வருஷத்துக்கு முந்தி ஒரு பேட்டியில இதத்தான் ஒடச்சுச் சொன்னாரு: தெனமும் எடுக்க எடுக்க இது ஒரு தொழிற்சாலை கணக்கா ஆயிட்டு, எழுதுதவுகளும் மனுசங்கதான, சில பகுதியில அந்த அளவுக்குச் சிரிப்பு இல்லதான்னு. நடிக்கிறவரே சொல்லிட்டாரு. நீரு புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பெருமூச்சு விடுதீரு.

இதக் கேட்டு சீரியல் எடுக்குதவுக நிறுத்துவாவளா? எப்பிடி நிறுத்துவாவ? 2025ல பேய் பங்களாக் கதை ஒண்ண எடுத்து விட்டாவ. டிஆர்பியில ஏறி ஒசரத்துல போயி உக்காந்துட்டு. அதே வருஷம் ராஜஸ்தான் குடும்பம் ஒண்ணப் புதுசாக் குடி வச்சாவ. காலி வீடு இருக்க மட்டும் கதை இருக்கும் போல. அந்த டிஆர்பி எப்பிடி எடுக்காவன்னு தெரியுமா? ‘பார்க்’னு ஒரு அமைப்பு ஆயிரக்கணக்கான வீட்டுல டிவிக்குப் பக்கத்துல ஒரு பொட்டிய வச்சிருக்கு. எந்தச் சேனலு ஓடுதுங்கத, டிவிச் சத்தத்துக்குள்ள ஒளிச்சு வச்ச குறியக் கேட்டு அது குறிச்சுக்கிடும். அந்தப் பொட்டிக்குக் காது உண்டு மருமவனே, ஆனா டிவிச் சத்தத்துக்குத்தான். பெருமூச்சு அதுக்குக் கேக்காது. ‘ஆஹா’ன்னு பாத்தாலும் ஒரு புள்ளி, ‘சவம்’னு பாத்தாலும் ஒரு புள்ளி. ஒம்ம வீட்டுல அந்தப் பொட்டி இல்லங்கீரா? பொட்டி உள்ள வீட்டுலயும் ஒம்ம மாதிரி ஒரு மருமவன் இருப்பான் வே.

நிறுத்தத் தெரிஞ்சவுகளும் ஒலகத்துல இருந்திருக்காவ. ஒம்ம மவன் கம்ப்யூட்டருல ஒரு சீமை நாடகம் காட்டுனான், ‘ஃபால்ட்டி டவர்ஸ்’னு. ஒரு கோட்டிக்கார ஓட்டல் மொதலாளி கதை. ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேந்து எழுதினது. 1975ல ஆறு, 1979ல ஆறு, மொத்தம் 12 பகுதி. அதோட தொடச்சுப் போட்டு எந்திச்சுப் போயிட்டாவ. பாஷை புரியாமலே நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். ஆனா ஒண்ணு, பிபிசியில விளம்பரம் கிடையாது. நடுவுல புகுந்து ‘இழும்’னு கண்ணக் காட்ட சோப்புக் கம்பெனிக்காரன் இல்ல.

அதனால கோகுல்தாம் சீரியல் எடுக்குதவுகளுக்கு என் புத்தி இதுதான். ஐயா, ஒரு நல்ல நாளாப் பாருங்க. போபட்லாலுக்கு ஒரு பொண்ணப் பிடிச்சுக் கழுத்துல தாலி ஏறுத வர கேமராவ நிறுத்தாதீங்க. தயா வாரான்னா கூட்டிட்டு வாங்க; இல்லேன்னா இல்லேன்னு மனசு விட்டுச் சொல்லுங்க. ஐயரு ஒண்ணையாவது கண்டுபிடிக்கட்டும். சுந்தர் ஒரே ஒரு தடவ டாக்சிக்குத் தானே துட்டு குடுக்கட்டும்; அதுவே பெரிய திருப்பம். அதுக்குப் பொறவு ஊருக்கே சாப்பாடு போட்டு, வணக்கம்னு சொல்லி வெளக்க அணைங்க. பேரோட முடிஞ்சுதுன்னு ஊரு சொல்லும். இல்ல, ஓட்டத்தான் செய்வோம்னா, வாரத்துக்கு ரெண்டு நாளு போதும். எழுதுதவனக் கொஞ்சம் தூங்க விடுங்க. தூங்கி எந்திச்சவனுக்குத்தான் சிரிப்பு வரும்.

ஒமக்கும் ஒரு புத்தி சொல்லுதேன் மருமவனே. பழைய பகுதி யூடியூபுல ஓசியிலேயே கெடக்கு. சிரிக்கணும்னு தோணுனா அதப் போட்டுப் பாரும். புதுசப் பாக்கணும்னா வாய மூடிக்கிட்டுப் பாரும். வையணும்னா டிவிய அணச்சுட்டு வையும். ரெண்டையும் சேத்துச் செய்ய ஒமக்கு உரிமை கிடையாது. இந்தச் சீரியல் கெட்டதுல எழுதினவுகளுக்கு ஒரு பங்குன்னா, சிரிப்பு நின்னு போன பொறவும் விடாமப் பாத்த ஒங்களுக்கு ஒண்ணரைப் பங்கு.